நிறுத்திவைத்த வண்டியில் கன்வெர்ட்டர் திருட்டு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சேலம் கோரிமேட்டில், ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், சைலன்சர் வேலைக்கென்றே பட்டறை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்குள் ஒரு வேன் உறுமிக்கொண்டு வந்து நின்றால், ஓட்டுநர் இறங்கியதும் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, ராத்திரி நிறுத்தும்போது நன்றாகத்தான் இருந்தது." சிலருக்கு குழாய் இணைப்பில் வைக்கும் கேஸ்கட் போயிருக்கும். சிலருக்கு சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கும். சிலருக்கோ அடியில் குழாயே இருக்காது.

திருடுபவர்களுக்கு வேண்டியது சைலன்சர் இல்லை. அதற்கு முன்னால், புகையின் நச்சைக் குறைக்க இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள், தேன்கூடு போன்ற பீங்கானின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்காகத்தான் இவ்வளவும். மாருதி ஈக்கோ போன்ற வேன்கள் அதிகம் அகப்படுவதற்குக் காரணம், அவற்றின் அடிப்பாகம் உயரமாக இருப்பதுதான். ஜாக்கி போடாமலே ஆள் உள்ளே புகுந்துவிடலாம். ஸ்பேனர் தெரிந்தவனுக்குச் சில நிமிட வேலை. பல சிறிய கார்களில் கன்வெர்ட்டர் என்ஜினோடு ஒட்டி பானட்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட கார் உறுமினால் திருட்டைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பார்க்க வேண்டும், பிறகு படம் எடுக்க வேண்டும், காவல் நிலையத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பழுது. காலை ட்ரிப் போய்விடுமே என்ற பதற்றத்தில் "முதலில் ஒரு குழாயை வைத்துப் பற்றவைத்துக் கொடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்காத ஆள் இல்லை. பற்றவைத்த நொடியிலேயே வெட்டிய தடம் அழிந்துவிடுகிறது. பிறகு வருகிற இன்சூரன்ஸ் சர்வேயருக்குக் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அறிகுறி 1: சாவி திருப்பியதும் டிராக்டர் போல உறுமுகிறது

என்ஜினை உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்டுப் பார்ப்பதால் பயன் இல்லை. குழாய் அறுந்திருந்தால் கொதிக்கும் புகை நேராக வண்டியின் அடித்தளத்தில் அடிக்கும். அங்கே ஒயர் கட்டும் பெட்ரோல் குழாயும் போகின்றன. ஏற்காட்டில் எஸ்டேட் ஓரமாக நிறுத்தியிருந்தால், டயருக்கு அடியில் சில்வர் ஓக் சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கும். கோடையில் அது தீப்பிடிக்க அதிக நேரம் ஆகாது.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சரிவான இடமானால் டயருக்குக் கல்லும் வையுங்கள். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வேண்டாம். போனில் டார்ச்சைப் போட்டு, கையை மட்டும் உள்ளே நீட்டி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வீடியோ எடுங்கள். பிறகு அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

குழாய் முழுதாக இருக்கிறதா?

இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். விலை குறைந்த காரணத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு குழாய்களை நட்டு போட்டுச் சேர்க்கும் ஃப்ளாஞ்ச் இணைப்பில் கருப்புக் கரி படிந்திருந்தால் கேஸ்கட் போயிருக்கிறது. சைலன்சர் ஒரு பக்கம் தொங்கினால் ரப்பர் மவுண்ட் அறுந்திருக்கிறது. பின்னல் போட்ட வளைகுழாயில் கிழிசல் தெரிந்தால் அதை மட்டும் வெட்டி மாற்றலாம். சைலன்சர் பெட்டியின் அடியில் துரு தின்ற ஓட்டை இருந்தால் பெட்டியை மாற்ற வேண்டும். இவை எல்லாம் எங்களைப் போன்ற பட்டறையில் ஒரே நாளில் முடிகிற வேலை. இதற்கு காவல் நிலையம் வரை போக வேண்டியதில்லை.

நடுவில் வெற்றிடம் தெரிகிறதா?

அப்படியானால் இரண்டு முனைகளையும் நெருக்கமாகப் படம் எடுங்கள். முனை என்ன நிறத்தில் இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துருப்பிடித்துத் தானாக முறிந்த குழாயின் விளிம்பு செம்பழுப்பாக, பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். கிரைண்டரோ ரம்பமோ பட்ட முனை நேராக, புது எவர்சில்வர் பாத்திரம் போல மின்னும். விரல் பட்டால் பிசிறு குத்தும். ஏற்காட்டுப் பனியில் ஓரிரண்டு நாள் நின்றாலே அந்த மினுக்கம் மங்கத் தொடங்கிவிடும், அதனால் படத்தை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

முனை வெட்டுப்படாமல், நட்டுகள் மட்டும் ஒழுங்காகக் கழன்றிருந்தால், வேலை தெரிந்தவன் ஸ்பேனரோடு வந்திருக்கிறான். கீழே நட்டு, வாஷர், உடைந்த பிளேடு ஏதாவது கிடந்தால் வெறும் கையால் எடுக்காதீர்கள். கிடக்கிற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, புகார் கொடுக்கும்போது சொல்லுங்கள்.

சென்சார் ஒயர் தொங்குகிறதா என்றும் பாருங்கள். கன்வெர்ட்டரை ஒட்டி ஆக்சிஜன் சென்சார் இருக்கும். திருடன் அதைக் கழற்றிக்கொண்டிருக்க மாட்டான், ஒயரை வெட்டியிருப்பான். வெட்டிய நுனிகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். நீங்களாகச் செய்யக்கூடிய மின்வேலை அவ்வளவுதான்.

இந்த நிலையில் வண்டியை ஓட்டலாமா?

நிறுத்திய இடத்திலிருந்து ஓரம்கட்ட மட்டும் ஓட்டலாம். எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஓட்டுநரைத் தவிர யாரும் உள்ளே இல்லாமல், சமதளத்தில், சில நூறு மீட்டர். மலை இறங்குவது கூடவே கூடாது. கயிறு கட்டி இழுத்து இறக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். என்ஜின் நின்றிருந்தால் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அந்த நிலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கயிற்றை நம்பி இறங்குவது உயிரோடு விளையாடுவது. வண்டியையே மேலே ஏற்றிக்கொண்டு வரும் ரெக்கவரி லாரிதான் வழி. உங்கள் பாலிசியில் சாலை உதவி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வைத்திருந்தும் மறந்துபோகிறவர்கள் பலர்.

அறிகுறி 2: தலைவலி, குமட்டல், வண்டிக்குள் புகை வாடை

இதைத் தனியாக எழுதக் காரணம் ஒரு குடும்பம். காய்கறி வேன். ஏற்காட்டில் உறவினர் வீட்டு வாசலில் இரவு நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் சத்தம் மாறியிருந்தது. கல்லில் தட்டி சைலன்சர் உடைந்துவிட்டது, கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து கணவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். மார்கழிப் பனி, குழந்தைக்குச் சளி, அதனால் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டார்கள். என் பட்டறைக்கு வந்தபோது அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தது. "மலை இறங்கினாலே இவளுக்கு இப்படித்தான் அண்ணா," என்றார் கணவர். அடியில் டார்ச் அடித்தேன். கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. என்ஜின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிற வண்டி. வடிகட்டாத புகை தரையின் இடுக்கு வழியாக மலை முழுக்க உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது.

அது மலை மயக்கம் அல்ல, கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவுக்கு நிறமும் வாசனையும் கிடையாது. மற்ற புகையின் வாடை வந்தால்தான் சந்தேகமே வரும், வாடை குறைந்தாலும் அது குறைந்ததாக அர்த்தம் இல்லை. மூவரையும் ஆட்டோவில் மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லபடியாகத் திரும்பினார்கள்.

மலைப்பாதையில் தலைசுற்றல் எல்லோருக்கும் பழக்கம் என்பதால்தான் இது ஆபத்து. வேறுபடுத்தப் பழகிக்கொள்ளுங்கள். வளைவு மயக்கம் அநேகமாக ஓரிருவருக்குத்தான் வரும், வண்டியை நிறுத்திக் காற்று வாங்கினால் கொஞ்சத்தில் தணியும். வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை கனத்தால், ஓட்டுகிறவருக்கே தூக்கம் சொக்கினால், வண்டியை ஓரம்கட்டி அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே இறங்குங்கள். மயக்கமோ குழப்பமோ தொடர்ந்தால் 108-ஐ அழையுங்கள். இந்த அறிகுறிக்கு நீங்களாகச் செய்யும் சோதனை எதுவும் இல்லை. கேஸ்கட் கசிவானாலும் திருட்டானாலும் மெக்கானிக் வந்து பார்க்கும்வரை அந்த வண்டி நகரக்கூடாது. குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்குகிறவர்களை ஏற்காட்டில் பார்க்கிறேன். நல்ல வண்டியிலும் அதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி 3: சத்தம் இல்லை, ஆனால் செக் லைட் எரிகிறது

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழை எண்ணைக் காட்டும் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். எந்த எண் வருகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

பி 0136 அல்லது பி 0141 வந்தால் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பிலோ ஹீட்டரிலோ கோளாறு. எலி கடித்த ஒயரும் இதைக் காட்டும், கழன்ற சாக்கெட்டும் காட்டும். முதலில் சாக்கெட்டை அழுத்திப் பொருத்தி, ஒயரைத் தடவிப் பாருங்கள். காசில்லாத வேலை.

பி 0420 வந்தால் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று வண்டி நினைக்கிறது. 'நினைக்கிறது' என்றுதான் சொல்கிறேன். சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும், சென்சாருக்கு வயதாகியிருந்தாலும் இதே எண் வரும். எண்ணை மட்டும் பார்த்துக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். கசிவு, சென்சார், கடைசியில் கன்வெர்ட்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது சத்தமில்லாத திருட்டு. வண்டியை யாரிடமோ இரண்டு நாள் விட்டுவைத்தீர்கள், அல்லது மாதச் சம்பளத்துக்கு ஒருவர் ஓட்டுகிறார், அல்லது சமீபத்தில் பழைய வண்டியாக வாங்கினீர்கள். கன்வெர்ட்டரைக் கழற்றி, வெளிக் கூட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டை எடுத்துவிட்டு, வெறும் கூட்டைப் பற்றவைத்துத் திரும்ப மாட்டியிருப்பார்கள். மூடிய பெட்டி என்பதால் சத்தம் அதிகம் மாறாது. உரிமையாளருக்கு மாதக்கணக்கில் தெரியாது. அறுத்துக்கொண்டு போவதைவிட இது எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் நம்பிக் கொடுத்த இடத்தில் நடப்பது.

கண்டுபிடிக்க மூன்று படிகள். வண்டி முழுவதும் ஆறியபின் ரப்பர் சுத்தியலால் கூட்டைத் தட்டுங்கள். உள்ளே பொருள் இருந்தால் 'தொப்' என்று அடங்கிய ஒலி, காலியாக இருந்தால் எண்ணெய் டின்னைத் தட்டுவது போல் ஓங்கிய ஒலி. அடுத்து, தையல் போட்ட கோட்டைப் பாருங்கள். ஆலையில் போட்ட வெல்டு ஒரே அகலத்தில், வரி வரியாக, கூட்டின் நிறத்தோடு கலந்திருக்கும். பட்டறையில் போட்டது குமிழ் குமிழாக, சுற்றிலும் கருகி, சில இடத்தில் வெள்ளிப் பெயின்ட் பூசி மறைத்திருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் பட்டறைக்கு வாருங்கள். சென்சாரைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்க்கலாம். தேன்கூடு கண்ணுக்குத் தெரிந்தால் சந்தேகம் அங்கேயே முடிந்தது. வெறும் சுவர் தெரிந்தால் அந்தக் காட்சியைப் பதிவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள், புகாருக்கு அது வேண்டும்.

அறிகுறி 4: புகைச் சோதனையில் தோல்வி

பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிப்படி தயாரான) பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. சற்றே கூடுதல் என்றால் காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, என்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். குளிர்ந்த கன்வெர்ட்டர் வேலை செய்யாது. பக்கத்துத் தெருவிலிருந்து ஐந்து நிமிடத்தில் வந்து சோதிப்பவர்கள் இதனாலேயே தோற்கிறார்கள். எண் பல மடங்கு கூடுதலாக இருந்தால் அறிகுறி 3-க்குப் போங்கள். 'சான்றிதழ் மட்டும் வாங்கித் தருகிறேன்' என்பவரை நம்பாதீர்கள். புகை வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தடையும் உண்டு.

அறிகுறி 5: அடியில் கலகலவென்ற ஒலி, ஏற்றத்தில் இழுவை இல்லை

இது பெரும்பாலும் திருட்டு அல்ல. வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருந்தால் ஒரு எவர்சில்வர் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். கூட்டுக்குள்ளிருந்தே ஒலி வந்தால் பீங்கான் நொறுங்கியிருக்கிறது. அந்தத் துண்டுகள் வழியை அடைத்தால்தான் வளைவில் இழுவை போகும். கன்வெர்ட்டர் காணாமல் போன வண்டி சத்தம் போடும், ஆனால் ஏறிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பாதி அறுத்துவிட்டு ஆள் வந்ததும் ஓடியிருந்தால். குழாயில் பாதி வட்டத்துக்குப் பளபளக்கும் கோடு தெரியும், ஐடிலில் அதிரும். இதையும் புகார் கொடுங்கள். விட்டுப்போனதை முடிக்கத் திரும்பி வர வாய்ப்பு உண்டு, அன்று இரவே வண்டியை இடம் மாற்றுங்கள்.

திருட்டு என்று உறுதியானால்: காவல் நிலையம்

ஏற்காட்டில் நிறுத்தியிருந்தால் ஏற்காடு காவல் நிலையம், அது மாவட்டக் காவல் துறையில் வரும். அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாப்பேட்டை என்றால் மாநகரக் காவல் துறை. மலையில் நடந்தது கீழே வந்தபின் தெரிந்தாலும் திரும்ப ஏற வேண்டியதில்லை. 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். புகார் வந்து சேர்ந்ததற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியாகித் திரும்பாதீர்கள். இன்சூரன்ஸுக்குப் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கை வேண்டும்.

புகாரில் "சைலன்சர் திருட்டு" என்று எழுதாமல் "கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சாருடன்" என்று எழுதுங்கள். எந்த மணி முதல் எந்த மணி வரை வண்டி நின்றது, எந்தக் கடை வாசல் என்பதையும் சேருங்கள். அக்கம்பக்கத்துக் கேமராக்களில் பழைய பதிவு தானாகவே அழிந்து புதியது ஏறும். கடைக்காரரிடம் அன்றே போய், "அண்ணா, அந்த இரவுப் பதிவை மட்டும் அழியாமல் வையுங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ்

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் வராது. முழுப் பாலிசி இருந்தால் வண்டியின் வயதைப் பார்த்து உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். 2 முதல் 3 வயது வரை 15 சதவீதம், 3 முதல் 4 வரை 25, 4 முதல் 5 வரை 35, 5 முதல் 10 வரை 40. தேய்மானம் போக, ஒவ்வொரு கேட்பிலும் கட்டாயக் கழிவு ஒன்றும் உண்டு, 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 1,000 ரூபாய். ஒரு கணக்குக்காக, மூன்றரை வயது வண்டியில் பாகத்தின் விலை 40,000 என்று வைத்துக்கொள்வோம். 10,000 தேய்மானமும் 1,000 கழிவும் போக 29,000 கைக்கு வரும். ஆனால் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைத்துவந்த போனஸ் தள்ளுபடி அடுத்த ஆண்டு பறிபோகும், 50 சதவீதத்தில் இருந்தாலும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள். இன்சூரன்ஸ் கேட்பு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் காவல் புகாரைக் கைவிட வேண்டாம்.

சரக்கு வண்டிப் பாலிசிகளில், வண்டியோடு சேர்ந்து போனால் ஒழிய ஆக்சஸரி திருட்டுக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி மறுத்தால், கன்வெர்ட்டர் ஆலையில் பொருத்திய பாகம், நீங்கள் வாங்கி மாட்டிய ஆக்சஸரி அல்ல என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

புதியது பொருத்தும்போது

கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் வெறும் குழாய் போட்டுத் தரச் சொன்னால் நான் செய்வதில்லை. செக் லைட் அணையாது, புகைச் சோதனை தேறாது, சட்டத்துக்கும் புறம்பு.

பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய கன்வெர்ட்டரையும் வாங்காதீர்கள். அது நேற்று இன்னொரு ஓட்டுநரின் வேனில் இருந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு உங்கள் மேல் பாயும். மலிவு விலைக்கு வாங்க ஆள் இருக்கும்வரை என் பட்டறைக்கு உறுமிக்கொண்டு வண்டிகள் வந்துகொண்டேதான் இருக்கும், அந்த வருமானம் எனக்கு வேண்டாம்.

வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கழற்றாமல் வைத்தால் கம்ப்யூட்டர் யூனிட் போகக்கூடும். கேஸ்கட்டும் நட்டும் புதியவையாக இருக்கட்டும். கூட்டின் மேல் உங்கள் வண்டி எண்ணை ஆழமாகப் பொறித்து, அதன் மேல் வெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு இரும்புக் கூண்டு போட்டுத் தரலாம். அது திருடனைத் தடுத்து நிறுத்தாது, ஆனால் சில நிமிட வேலையை அரை மணி நேரமாக்கும். நட்டுகளையே பற்றவைத்து ஒட்டிவிடச் சொல்கிறார்கள் சிலர். அடுத்த முறை கேஸ்கட் மாற்றும்போது எல்லாவற்றையும் அறுக்க வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. இரவில் கன்வெர்ட்டர் பக்கம் சுவரை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் ஐடிலில் ஓடவிட்டு, தடித்த துணியால் பின்குழாயின் வாயை இரண்டு மூன்று நொடி அடைத்துப் பாருங்கள். எங்காவது 'சிஸ்' என்று கேட்டால் அந்த இணைப்பு இன்னும் இறுகவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை இறுக்க வண்டியைக் கொண்டுவாருங்கள். சூட்டில் விரிந்து சுருங்கி அவை தளர்ந்திருக்கும். ஐந்து நிமிட வேலை, அதற்கு நான் காசு வாங்குவதில்லை.